கிணற்றடி இன்ஜினில் பற்றும் டீசல், உள்ளங்கை மாடலில் ஏன் பற்றுவதில்லை?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல கிணற்று மேடுகளில் துருப்பிடித்த ஆயில் இன்ஜின்கள் இன்னும் கிடக்கின்றன. அவற்றை எடுத்துத் துடைத்து ஓட்டிப் பார்க்கும் ஆர்வம் சிலருக்கு உண்டு. அதே இன்ஜினைச் சிறிதாக, மேசைமேல் வைக்கும் அளவில் செய்து ஓட்ட வேண்டும் என்ற ஆசை இன்னும் சிலருக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு குழப்பம் வருகிறது. இருபது, முப்பது வருடம் சும்மா கிடந்த பெரிய இன்ஜின், பங்க் டீசலை ஊற்றி ஹேண்டில் போட்டதும் எரிகிறது. புத்தம் புதிதாகக் கடைந்த சின்ன இன்ஜின் அதே டீசலில் ஒரு முறைகூடப் பற்றுவதில்லை. ‘டீசல் மாடல்’ என்று விற்கப்படும் சின்ன இன்ஜின்களோ டீசலையே கேட்பதில்லை, சட்டென்று ஆவியாகிப் பற்றும் ஈதர் என்ற திரவத்தைக் கேட்கின்றன. வேலைத்திறனில் குறை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது இயற்பியல்.

## இந்த இன்ஜின்கள் ஏன் நின்றன

பழைய இன்ஜினை எடுக்கும் முன் அது ஏன் நிறுத்தப்பட்டது என்று கேட்பது நல்லது. தரைமேல் வைக்கும் சென்ட்ரிபியூகல் பம்ப் தண்ணீரை உறிஞ்சுவது காற்றழுத்தத்தின் தயவில்தான். கடல் மட்டத்தில் அதன் எல்லை ஏட்டளவில் 10.3 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 480 மீட்டர் உயரத்திலுள்ள தருமபுரியில் அது 9.7 மீட்டர் அளவுக்குக் குறையும். புட்வால்வு, குழாய், வளைவு எல்லாம் தின்றதுபோக நடைமுறையில் 6, 7 மீட்டர் கிடைத்தால் பெரிது. நீர்மட்டம் இறங்க இறங்க, கிணற்றுக்குள் திட்டு கட்டி பம்பை இறக்கிப் பார்த்தார்கள். 1990-ல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது. ஆழ்துளைக் கிணறும் சப்மெர்சிபிள் மோட்டாரும் பரவின. இன்ஜினுக்கு வேலை போயிற்று.

அதாவது, பல இன்ஜின்கள் பழுதாகி நிற்கவில்லை. ஓடும் நிலையிலேயே நிறுத்தப்பட்டவை. அதனால்தான் இன்றும் எழுகின்றன. பேரிங் போய், கிராங்க் தேய்ந்து நின்ற இன்ஜின் வேறு கதை. வாங்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

நம் பக்கம் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, 1930-ஐ ஒட்டி இங்கிலாந்தில் வந்த லிஸ்டர் சி.எஸ். வகையும் அதை அப்படியே பார்த்து குஜராத்தின் ராஜ்கோட்டில் வார்த்த நகல்களும். இவற்றில் 6 எச்.பி. இன்ஜினின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 114.3 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 139.7 மி.மீ., கொள்ளளவு 1433 சி.சி., வேகம் 650 ஆர்.பி.எம். மற்றொன்று, கிர்லோஸ்கர் ஏவி1 போன்ற 1500 ஆர்.பி.எம். இன்ஜின்கள்: 80 மி.மீ. போர், 110 மி.மீ. ஸ்ட்ரோக், 5 எச்.பி. முதல் வகைதான் ‘டுக்… டுக்…’ என்று எண்ணக்கூடிய தாளத்தில் ஓடும். மாடல் செய்ய நினைப்பவர்கள் மயங்குவதும் அந்த ஓசையில்தான்.

## ஸ்பார்க் பிளக் இல்லாமல் எப்படி எரிகிறது

பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ள மொத்த இடத்தை, மேலே வந்தபின் மிஞ்சும் இடத்தால் வகுத்தால் கிடைப்பது கம்ப்ரஷன் விகிதம். பழைய டீசல் இன்ஜின்களில் இது 16, 17 என்ற அளவில் இருக்கும். காற்றை இவ்வளவு நெருக்கினால் அது சூடாகும். எவ்வளவு சூடாகும் என்பது, நெருக்கும்போது எவ்வளவு சூடும் காற்றும் தப்புகிறது என்பதைப் பொறுத்தது. 30 டிகிரி காற்றை 16.5 விகிதத்தில் நெருக்கினால்:

1. எதுவுமே தப்பவில்லை என்று வைத்தால், சுமார் 655 டிகிரி.
2. நல்ல நிலையிலுள்ள பெரிய இன்ஜினைக் கையால் சுற்றும்போது, சுமார் 430 டிகிரி.
3. பிஸ்டன் ரிங் கசிந்து, சிலிண்டர் சுவரும் சூட்டை உறிஞ்சினால், 190 டிகிரி அளவுதான்.

டீசல் தானாகப் பற்றும் வெப்பநிலை ஆய்வகத்தில் 210 டிகிரியிலிருந்து தொடங்குகிறது. ஆனால் அது நிதானமாகச் சூடேற்றி அளந்த கணக்கு. இன்ஜினுக்குள் சில மில்லி நொடிகளில் பற்றியாக வேண்டும். அதற்கு இன்னும் நூறு, இருநூறு டிகிரி வேண்டும். இரண்டாவது நிலையில் எரியும், மூன்றாவதில் எரியாது. புதிய இன்ஜின் எழுவதும் தேய்ந்த இன்ஜின் எழாததும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரில் மார்கழிக் காலையில் இதையே கணக்கிட்டுப் பாருங்கள். உள்ளே போகும் காற்று 12 டிகிரி என்றால், முடிவில் கிடைக்கும் சூடு 40 டிகிரிபோல் குறையும். காற்றின் அடர்த்தியும் குறைவு. தருமபுரியில் சுலபமாக எழுந்த இன்ஜின் அங்கே அடம்பிடித்தால், முதலில் சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர் ஜாக்கெட்டில் வெந்நீர் ஊற்றிப் பாருங்கள்; டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றுவது பிறகு. அசல் லிஸ்டரில் ஹெட்டின் பக்கவாட்டில் ஒரு சிறு கைச்சக்கரம் இருக்கும். ஸ்டார்ட் செய்யும்போது அதைத் திருகி மூடினால் எரியறையின் ஒரு பகுதி அடைபட்டு விகிதம் கூடும். நகல்கள் பலவற்றில் இது கிடையாது.

## ஹேண்டில் போடும் முன்

இங்கேதான் கை முறிவதும் இன்ஜின் உடைவதும் நடக்கின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

1. முதலில் திறந்து பார்த்தல். சைலன்சருக்குள் குளவிக்கூடும் ஏர் ஃபில்டருக்குள் எலிக்கூடும் சாதாரணம். சம்ப் (அடித்தொட்டி) ஆயிலை வடித்துப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட்டையோ லைனர் ரப்பர் வளையத்தையோ சந்தேகிக்கலாம். ஆயிலில் வெள்ளித்துகள் மின்னினால் கனெக்டிங் ராட் கிராங்கில் சேரும் பிக் எண்ட் பேரிங்கைத் திறந்தே ஆக வேண்டும். ராஜ்கோட் நகல்களில் கிராங்க் கேஸின் உட்சுவரில் வார்ப்பு மணல் ஒட்டியிருப்பதுண்டு. கம்பி பிரஷால் தேய்த்து மண்ணெண்ணெயில் கழுவாமல் ஓட்டினால் அந்த மணல்தான் பேரிங்குக்குப் போகும்.

2. இறுகிய பிஸ்டன். நாசிலைக் கழற்றி அந்தத் துளை வழியாக டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி நாள்கணக்கில் ஊறவிடுங்கள். பிளைவீலைச் சிறிது முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கலாம். டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தால் பிஸ்டன் வராது. கனெக்டிங் ராட் வளையும், வார்ப்பிரும்பு ஸ்போக் விரியும். பிஸ்டன் இளகியதும் ஊற்றியதை முழுவதும் வடித்தெடுங்கள். மேலே திரவம் தங்கியிருக்கும்போது ஹேண்டில் போட்டால், திரவம் நெருங்காது. ஏதாவது ஒரு பாகம்தான் உடையும்.

3. கம்ப்ரஷன் எங்கே போகிறது. வால்வைத் திறந்து பிடித்து அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷன் லீவரை விடுவித்துவிட்டு பிளைவீலைக் கையால் மெதுவாக மேல்நோக்கித் தள்ளுங்கள். நல்ல இன்ஜின் திருப்பித் தள்ளும். ‘உஸ்’ என்று இறங்கினால் காது கொடுங்கள். ஏர் ஃபில்டரில் சத்தம் கேட்டால் இன்லெட் வால்வு. சைலன்சரில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் என்றால் ரிங். தண்ணீர் வெளியேறும் குழாயில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட் விரிசல். ரிங்கா இல்லையா என்று உறுதிசெய்ய, நாசில் துளையில் இரண்டு மூன்று மூடி இன்ஜின் ஆயில் விட்டுச் சுற்றுங்கள். அழுத்தம் சட்டென்று கூடினால் ரிங்தான்.

4. ஃபியூல் பம்ப் ராக், அதாவது டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பற்சட்டம். இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். பழைய டீசல் பிசினாகக் காய்ந்து, ராக் முழு டெலிவரியில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்படி இருந்தால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இழுத்தாலும் வராது. இன்ஜின் எழுந்ததும் வேகம் ஏறிக்கொண்டே போகும். விரலால் தள்ளினால் ராக் வழுக்கிக்கொண்டு போய் வர வேண்டும்.

5. காற்றை வெளியேற்றுதல். டேங்கிலிருந்து வரிசையாக: ஃபில்டர் ஸ்குரூ, பம்ப் ஸ்குரூ, கடைசியில் நாசில் பக்கத்து பைப் நட். ஒவ்வொன்றிலும் குமிழி நிற்கும்வரை விடுங்கள். பிறகு நட்டை இறுக்கிக் கையால் பம்ப் அடித்தால் நாசிலில் ‘கிர்க்’ என்ற சத்தம் வர வேண்டும். நாசிலை வெளியே வைத்துப் பீய்ச்சிப் பார்க்கும்போது முன்னால் கை போகக் கூடாது. இருநூறு பார் அளவிலான அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். குத்திய இடத்தில் வலியே தெரியாமல் போகலாம். ஆனாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

6. டைமிங். பம்பின் டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு வளைந்த சிறு குழாய் ஒன்றைப் பொருத்துங்கள். ராக்கை ஓடும் நிலையில் வைத்து, இன்ஜினை ஓடும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். ஒழுகும் டீசல் நிற்கும் இடம்தான் இன்ஜெக்ஷன் தொடக்கம். லிஸ்டர் வகைக்கு இது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 20 டிகிரி முன்னால். பிளைவீல் விட்டம் 600 மி.மீ. என்றால் சுற்றளவு 1885 மி.மீ.; அதை 360-ஆல் வகுத்து 20-ஆல் பெருக்கினால் 105 மி.மீ. பட்டை டேப்பில் அளந்து சாக்பீஸில் குறித்தால் போதும்.

ஹேண்டில் பிடிக்கும்போது கட்டை விரலும் மற்ற விரல்களின் பக்கமே இருக்கட்டும். துண்டும் தொங்கும் வேட்டியும் பெல்ட் பக்கம் வேண்டாம். ஈதர் ஸ்பிரேயோ பெட்ரோல் நனைத்த துணியோ காட்டி எழுப்புவது பரவலாக உள்ள பழக்கம். நான் பரிந்துரைக்க மாட்டேன். ஈதர் பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே வெடித்து ஹேண்டிலைத் திருப்பி அடிக்கும், ரிங் பள்ளத்தை உடைக்கும்.

வேகம் கட்டுமீறினால் என்ன ஆகும் என்பதையும் கணக்கிடலாம். 600 மி.மீ. பிளைவீலின் விளிம்பு 650 ஆர்.பி.எம்.-இல் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. வார்ப்பிரும்பு பிளைவீலுக்குப் பழைய பொறியாளர்கள் வைத்த எல்லை நொடிக்கு 27 மீட்டர் அளவு. வேகம் இரட்டித்தால் விளிம்பு 41 மீட்டரைத் தொடும். இழுவிசை நான்கு மடங்காகும். அப்போது முதலில் பம்ப் லீவரை இழுத்து ஃபியூலை நிறுத்துங்கள். நிற்காவிட்டால் காற்று வாயைக் கனமான பலகையால் மூடுங்கள். கையாலோ துணியாலோ அல்ல. பலகையை இன்ஜின் பக்கத்திலேயே முன்கூட்டி வைத்திருக்க வேண்டும். பிளைவீலுக்கு நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினம். ஜாக்கெட்டில் உப்புப் படிவம் கல்லாகும். அதேசமயம் பம்பிலிருந்து நேரே குளிர்ந்த நீரை வேகமாக விட்டால் லைனர் சூடேறாமல் கரியும் பிசினும் சேரும். வெளியேறும் நீர் கை தாங்காத சூட்டில், 60–70 டிகிரியில் இருக்கும்படி தண்ணீர்க் குழாயின் வால்வைத் திருகி வையுங்கள். இப்போது வரும் டீசல் பழைய இன்ஜினைக் கெடுக்கும் என்ற பேச்சுக்கும் பெரிய ஆதாரம் இல்லை. 2020 ஏப்ரல் முதல் வரும் பிஎஸ்-6 டீசலில் கந்தகம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அதன் உராய்வுத் தடுப்புக்குத் தர அளவு இருக்கிறது. பற்றும் திறனைக் குறிக்கும் சீட்டேன் எண்ணும் குறைந்தது 51.

## சிறிதாக்கினால் எது சிறிதாவதில்லை

லிஸ்டரை ஐந்தில் ஒரு பங்காகச் செய்வோம். போர் 22.9 மி.மீ., ஸ்ட்ரோக் 27.9 மி.மீ. கொள்ளளவு ஐந்தில் ஒன்றல்ல, 125-இல் ஒன்று: 11.5 சி.சி. சிலிண்டர் சுவரின் பரப்போ 25-இல் ஒன்றுதான். அதாவது, ஒவ்வொரு சி.சி. காற்றையும் குளிர்விக்க ஐந்து மடங்கு சுவர் இருக்கிறது. ரிங் இடைவெளியும் வால்வு சீட் கசிவும் ஐந்தில் ஒன்றாகச் சுருங்குவதில்லை. நம் கையும் லேத்தும் அனுமதிக்கும் அளவில்தான் நிற்கும். மேலே சொன்ன 190 டிகிரி நிலைக்கு மாடல் தானாகவே வந்துவிடுகிறது.

இதிலிருந்து தப்பிக்க ஒரு வழி உண்டு: வேகம். 650 ஆர்.பி.எம்.-இல் பிஸ்டன் மேலேற 46 மில்லி நொடி, 6500-இல் 4.6. நேரம் குறைந்தால் சூடு தப்புவதும் குறையும். அதனால்தான் சின்ன இன்ஜின்கள் அலறிக்கொண்டு ஓடுகின்றன. டுக் டுக் ஓசையும் சின்ன அளவும் நிஜ டீசலும் சேர்ந்து வேண்டும் என்பவர், மூன்றில் கடினமான சேர்க்கையைக் கேட்கிறார்.

சூட்டுப் பிரச்சினையைச் சமாளித்தாலும் ஃபியூல் பம்ப் காத்திருக்கிறது. என் பார்வையில் உண்மையான தடைச்சுவர் இதுதான்.

1. முழு லோடில் 6 எச்.பி. இன்ஜின் மணிக்குச் சுமார் 1.3 லிட்டர் குடிக்கும். 650 ஆர்.பி.எம்.-இல் ஒரு மணி நேரத்தில் 19,500 முறை எரிகிறது. ஒரு முறைக்கு 67 கன மி.மீ. வருகிறது. ஒரு பெரிய சொட்டு.
2. மாடலுக்கு அதில் 125-இல் ஒன்று: 0.54 கன மி.மீ. லோடு இல்லாமல் ஓடும்போது அதிலும் கால்வாசி.
3. பம்புக்குள் டீசலைத் தள்ளும் தண்டாக 2 மி.மீ. பிளஞ்சர் போட்டால், முழு டெலிவரிக்கான ஸ்ட்ரோக் 0.17 மி.மீ.தான். கவர்னர் இதற்குள்தான் கூட்டிக் குறைக்க வேண்டும்.
4. டீசலும் அழுத்தினால் சுருங்கும். 100 பாரில் ஏறத்தாழ 0.7 சதவீதம். 1 மி.மீ. உள்விட்டமும் 150 மி.மீ. நீளமும் உள்ள பைப்பில் 118 கன மி.மீ. டீசல் நிற்கிறது. அதன் சுருக்கம் மட்டுமே 0.8 கன மி.மீ. பம்ப் அனுப்பியதைவிட அதிகம்! பம்ப் தள்ளுகிறது, பைப் விழுங்கிவிடுகிறது, நாசில் திறப்பதே இல்லை.
5. 1 மி.மீ. விட்டமுள்ள ஒரே ஒரு காற்றுக் குமிழி 0.52 கன மி.மீ. அது உள்ளே இருந்தால் ஒரு முழு டோஸ் காணாமல் போகும்.

பெரிய இன்ஜினின் பைப்பும் இப்படி விழுங்கத்தான் செய்கிறது. ஆனால் 67-இல் 8 போனால் அது பொருட்படுத்துவதில்லை. ஆகவே நிஜ இன்ஜெக்ஷன் மாடல் செய்வதாக இருந்தால் பம்பையும் நாசிலையும் ஒட்டியே வைத்து, இடையில் தேங்கும் டீசலைச் சில கன மி.மீ.க்குள் அடக்க வேண்டும். பிளஞ்சருக்கும் அது ஓடும் உறையான பேரலுக்கும் இடைவெளி 2–3 மைக்ரான். இது முடியாததல்ல, செய்தவர்கள் உண்டு. முதல் மாடலாக எடுக்கத் தகுந்ததல்ல.

## ஈதர் ஏன் வருகிறது

மாடல் விமான உலகம் இந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு போனது. இன்ஜெக்டரையே தூக்கிவிட்டு, கார்புரேட்டர் வழியாக ஃபியூலைக் காற்றோடு கலந்து உள்ளே விட்டார்கள். ஈதர் 160–180 டிகிரியிலேயே பற்றும். 190 டிகிரி அதற்குப் போதும். வழக்கமான கலவை ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் சம பங்கு. ஈதர் பற்றவைக்க, மண்ணெண்ணெய் சக்தி தர, விளக்கெண்ணெய் உயவுக்கு. மூன்றில் விளக்கெண்ணெய்க்கு மட்டும் சேலம், தருமபுரி வட்டாரத்தில் பஞ்சமில்லை. ஆமணக்கு விளையும் பூமி. வாசனையோ வேறு எண்ணெயோ கலக்காதது வேண்டும். இன்ஜெக்ஷன் நேரம் என்ற ஒன்று இல்லாததால், எப்போது பற்ற வேண்டும் என்பதைச் சிலிண்டர் உச்சியிலுள்ள எதிர் பிஸ்டனைத் திருகி, கம்ப்ரஷனைக் கூட்டிக் குறைத்துத் தீர்மானிக்கிறார்கள். பேச்சுவழக்கில் இதுவும் ‘டீசல்’. ருடால்ஃப் டீசல் 1897-ல் ஆக்ஸ்பர்க்கில் ஓட்டிக்காட்டிய முறைக்கும் இதற்கும் கம்ப்ரஷன் சூடு ஒன்றுதான் பொது.

ஈதர் 35 டிகிரியில் கொதிக்கும். சித்திரை வெயிலில் தருமபுரியில் ஒரு தகரக் கொட்டகை அதைத் தாண்டிவிடும். பாட்டிலுக்குள் அழுத்தம் ஏறும். ஆவி காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், தரையோடு ஓடி தூரத்து அடுப்பில் பற்றும். வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழசானால் வெடிக்கக்கூடிய பெராக்சைடு உண்டாகும். ஒரு நாளைக்கு வேண்டியதை மட்டும், திறந்த வெளியில் கலக்க வேண்டும். வீட்டில் சேமிக்கும் பொருள் அல்ல.

## அப்படியென்றால் எதைச் செய்வது

தாளம்தான் வேண்டும் என்றால் ஹிட் அண்டு மிஸ் வகை பெட்ரோல் மாடல் செய்யுங்கள். வேகம் ஏறியதும் கவர்னர் எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்தபடியே பிடித்துக்கொள்ளும்; பிளைவீல் சும்மா சுற்றும்; வேகம் இறங்கியதும் ஒரு முறை எரியும். கம்ப்ரஷன் விகிதம் 4 அல்லது 5 போதும், பிளக் பற்றவைக்கும். 25 மி.மீ. போர் நல்ல தொடக்கம்.

ஓசூரைச் சுற்றி ஜாப் ஒர்க் பட்டறைகள் நிறைய இருப்பதால் ஹோனிங்கும் (சிலிண்டர் உட்சுவரைத் தேய்த்து நேராக்குதல்) வயர்கட்டும் (மின்பொறிக் கம்பியால் அறுத்தல்) வெளியே கொடுத்துச் செய்யலாம். ரிங்குக்குப் பழைய வார்ப்பிரும்பு லைனர் துண்டு அருமையான பொருள். கிராங்குக்கு இ.என்.8 என்ற எஃகு வகை போதும். கிருஷ்ணகிரி கிரானைட் பலகைத் துண்டை சர்ஃபேஸ் பிளேட்டாக வைத்துக்கொள்கிறவர்கள் கவனிக்க: பளபளப்பு வேறு, சமதளம் வேறு. கோடு கிழிக்க அது உதவும். டயல் வைத்து அளக்க, லேப்பிங் செய்த (மிக நுண்ணிய பொடியால் தேய்த்துச் சமப்படுத்திய) பிளேட்தான் வேண்டும்.

எக்ஸாஸ்ட் வால்வு பிஸ்டன் அடிக்கு வருவதற்கு 40 டிகிரி முன்னால் திறந்து, உச்சிக்கு 5–10 டிகிரி பின்னால் மூடட்டும். ஸ்பார்க் உச்சிக்கு 10 டிகிரி முன்னால் தொடங்கி, ஓடும்போது சரிசெய்யலாம். எழாவிட்டால் பார்க்க வேண்டிய வரிசை இது:

1. வால்வு சீட் 45 டிகிரி, அகலம் அரை மி.மீ.க்குள். போர்ட்டில் ரப்பர் குழாய் செருகி சிரிஞ்சால் உறிஞ்சிப் பிடியுங்கள். சிறிது பொறுத்துக் கையை விட்டதும் தண்டு திரும்பி ஓடாவிட்டால் கசிகிறது. எழாத மாடல்களில் பெரும்பாலானவை இங்கேயே மாட்டிக்கொள்கின்றன.
2. ரிங் வாய் இடைவெளி 25 மி.மீ. போருக்கு 0.1 மி.மீ. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே ஒளி தெரியக் கூடாது.
3. இன்லெட் வால்வு தானே திறக்கும் வகையானால், வாயால் உறிஞ்சும் அளவுக்கே அசையும் மெல்லிய ஸ்பிரிங் வேண்டும். ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தால் காற்றே உள்ளே வராது.
4. பிளக்கைக் கழற்றிவிட்டு பிளைவீலைச் சுழற்றினால் பல சுற்று தானாக ஓடி நிற்க வேண்டும். இரண்டு சுற்றில் நின்றால் கிராங்கும் சிலிண்டரும் செங்கோணத்தில் இல்லை. ஃபியூலைத் திருகிக்கொண்டிருப்பதில் பயனில்லை.
5. பிளக் நனைந்து வந்தால், பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் நீடில் வால்வை முழுக்க மூடி, உலர்த்தி, கால் சுற்று கால் சுற்றாகத் திறக்கவும்.